கார்லைலுக்கு இரண்டு டிக்கெட்

அம்மாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஸ்கிப்டன் ஸ்டேஷனில் டிக்கெட் இயந்திரத்துக்கு முன்னால் நின்றது. மறுநாள் காலை கார்லைல் போவதாக இருந்தோம். அங்கே அம்மாவின் அக்கா டார்க்கஸ் இருக்கிறார். சாப்பாட்டு மேசை ஒன்று யாருக்கு என்ற சண்டையில் இருவரும் பல வருடங்களாகப் பேசவில்லை. இப்போது பெரியம்மாவே போன் செய்து வரச் சொல்லியிருந்தார். டிக்கெட்டைப் பதிவு செய்தாயிற்று. பதிவு செய்யப் பயன்படுத்திய வங்கி அட்டையையே செருகினால் இயந்திரம் அச்சடித்துத் தரும்.

அம்மாவின் அட்டையில் சிப் கிடையாது. அம்மாவின் பெயர் ஈனிட். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறியவள். எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஊருக்கு அவள் மூலம்தான் தெரியவரும். வங்கியில் ரகசிய எண் தருகிறோம் என்றபோது, "எங்கிட்ட ரகசியம் எதுவும் தங்காதுங்க, வேணாம்," என்றாள். யோசித்துவிட்டு, கையெழுத்துப் போடுகிற பழைய மாதிரி அட்டையையே கொடுத்தார்கள்.

சிப் அட்டையைச் செருகிவிட்டுச் சும்மா நிற்கலாம். இதைச் செருகிய உடனே ஒரே வேகத்தில் வெளியே இழுக்க வேண்டும். நான் மின்னணுப் பொறியாளர், பலமுறை விளக்கியிருக்கிறேன். அம்மா மெதுவாகத்தான் இழுப்பாள். வெடுக்கென்று பிடுங்குவது மரியாதை இல்லையாம். இயந்திரம் மறுக்கும். அதற்குள் பின்னால் யாராவது வந்துவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. வழிவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாள்.

அன்றும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். முதுகுப்பையோடு ஓர் இளைஞன் வந்தான்.

"நீங்க எடுத்துக்கோங்க தம்பி. எங்களுக்கு ரயில் நாளைக்குத்தான்."

அவனுக்குப் பின் ஒரு தம்பதி. அவர்களுக்குப் பின் குன்றுகளில் நடந்துவிட்டு வந்த ஒரு கூட்டம், ஆளுக்கொரு டிக்கெட். எல்லோரும் அம்மாவுக்கு நன்றி சொன்னார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். நான் இழுத்துத் தருகிறேன் என்றேன்.

"எங்க அக்காவைப் பாக்க நான் போறேன். நானே எடுக்கறேன், கண்ணு."

இன்னும் நான்கு பேர் வந்தார்கள். டீக்கு நேரமாகிவிட்டது, காலையில் சீக்கிரம் வந்தால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லி அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் மருத்துவர்.

கார்லைலுக்குப் போன் செய்தேன். பெரியம்மா எங்களை அழைத்துப் போக ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டிக்கெட் எடுத்து வெச்சிருந்தாளா?"

"இல்ல பெரியம்மா. வரிசையில ஆள் இருந்தாங்க."