மேட்டுத் தெருவின் முறை

ஐயாதுரையை ஊரில் யாரும் நலம் விசாரிப்பதில்லை. எதிரே வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இன்னைக்கு உண்டா?" கல்யாண வீட்டில் கேட்பார்கள், துக்க வீட்டில் பாடையைத் தூக்கும்போதும் கேட்பார்கள். இல்லை என்றால், மலைமேல் பெய்த மழையை அவரே கைவைத்துத் தடுத்த மாதிரி பார்ப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே ஒரு பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர். ஊர்ப் பேர் வேண்டாம், நாளைக்கு நானும் அங்கே போய்வர வேண்டியிருக்கிறது.

ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலையை விட்டு இதற்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. ஆள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் வால்வு திறப்பார். ஒவ்வொரு தெருவுக்கும் நாலு நாளைக்கு ஒரு முறை. அந்த முறையை ஒரு நாளும் தப்பவிட்டதில்லை. சொந்த மகள் கல்யாணத்தன்றுகூடத் தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தார். மனைவி வேலுத்தாய் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் மேட்டுத் தெருவை மட்டும் அவரால் ஜெயிக்க முடியவில்லை. பஜார் குழாயிலிருந்து பிரியும் கிளைதான் அதற்கு. பஜாரை முழுக்க அடைத்தால்தான் தண்ணீர் மேடேறும், அதுவும் நூல் மாதிரி. தனிக் குழாய் வேண்டும் என்று எட்டு வருஷமாகக் கேட்கிறார். பார்ப்போம் என்று எட்டு வருஷமாகப் பதில் வருகிறது.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. பக்கத்துப் பேரூராட்சியிலிருந்து ஒரு குழு வந்து இந்த ஊரின் நிர்வாகத்தைப் பார்த்து அறிக்கை எழுதப்போகிறதாம். அடுத்த மாதம் இவர்கள் போய் அவர்களைப் பார்க்க வேண்டுமாம். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் மேலிடம் புது வேலைகளுக்கு அனுமதி கொடுக்கும். ஐயாதுரைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வேலுத்தாயிடம் மூன்று தடவை சொன்னார். மேட்டுத் தெரு மாரிச்செல்வியிடமும் சொன்னார். அவள் மகளுக்கு வியாழக்கிழமை வளைகாப்பு. அன்றுதான் தெருவின் முறை, அன்றுதான் குழுவும் வருகிறது.

"கவலப்படாத தாயி. வியாழக்கிழம காலைல தண்ணி உங்களுக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்தார்.

புதன்கிழமை சாயங்காலம் செயல் அலுவலர் சதீஷ் அவரைக் கூப்பிட்டார். சின்ன வயது, நல்ல மனுஷர்தான். பயம் வந்தால் மட்டும் புத்தி வேலை செய்யாது.

"அண்ணே, நாளைக்கு ஏழு மணிக்கு அவங்க பஜார்ல நடந்து வாராங்க. குழாய்ல தண்ணி கொட்டணும்."

"சார், நாளைக்கு மேட்டுத் தெரு மொற. பஜாரத் தொறந்தா அங்க ஒரு சொட்டு ஏறாது."

"ஒரே ஒரு நாள்ண்ணே. ஊர் மானம்."

ஐயாதுரை தலையை ஆட்டிவிட்டு வந்தார். காலையில் பஜார் வால்வைத் திறந்தார். ஊர் முழுக்கத் தண்ணீர் தாராளம் என்று எழுதிவிட்டுப் போனால், தனிக் குழாய் இந்த ஜென்மத்தில் வராது.

குழுவில் மூன்று பேர். பக்கத்து ஊர்ப் பேரூராட்சித் தலைவி ஆனந்தவல்லி, ஓர் எழுத்தர், அந்த ஊரில் தண்ணீர் திறந்துவிடும் தங்கப்பாண்டியன். சதீஷ் பெருமையாகக் குழாயைக் காட்டினார். தண்ணீர் கொட்டியது, அடியில் ஒரு குடம்கூட இல்லை! முறை நாளென்றால் விடியுமுன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். இன்று தண்ணீர் வரும் என்று பஜாரில் யாருக்குத் தெரியும்? வாசல் தெளிக்க வந்த வெங்கடேஸ்வரி வாளியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள்.

"ஏட்டி கல்பனா, ஓடியா! நம்ம மொற சனிக்கிழமைல்லா? இன்னைக்கே வருதுடி!"

பஜாரே குடத்தோடு பாய்ந்தது. சதீஷுக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆனது. தங்கப்பாண்டியன் மட்டும் சிரிக்காமல் ஐயாதுரையின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு யாரு மொற?"

பதினாலு வருஷத்தில் இப்படி ஒருவர் கேட்டதில்லை. ஐயாதுரை சதீஷின் பக்கம் திரும்பவே இல்லை.

"மேட்டுத் தெரு. வாங்க, காட்டுதேன்" என்றார்.

குழுவும் சதீஷும் பின்னாலேயே மேடேறினார்கள். அங்கே நாற்பது காலிக் குடங்கள் வரிசையில் நின்றன. முதல் குடத்துக்குப் பக்கத்தில் மாரிச்செல்வி.

"வாக்குக் குடுத்துட்டு என்ன சோலிண்ணே பாத்து வச்சிருக்கிய? மதியம் அம்பது பேருக்குச் சமைக்கணும். எத ஊத்தி ஒல வைக்க?"

"தப்புதான் தாயி. செத்த நேரம் பொறு."

இரண்டு தண்ணீர்க்காரர்களும் கீழே ஓடி, சாவியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பஜார் வால்வை அடைத்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்கள். ராஜபாளையத்தில் டிபன் சொல்லியிருப்பதாகச் சதீஷ் மெல்ல இழுத்தார்.

"தண்ணி வரட்டும் தம்பி, பொறவு சாப்பிடலாம்" என்று ஆனந்தவல்லி ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். எழுத்தர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். வந்தவர்களுக்குக் காபி போடக்கூட யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை. முப்பத்தெட்டாவது நிமிஷம் குழாய் இருமியது. காற்று சீறியது. பிறகு வந்தது பாருங்கள், நூல் மாதிரி! தெருவே கூச்சல் போட்டது. ஆனந்தவல்லியும் எழுந்து நின்று கூச்சல் போட்டார். ஒரு குடம் நிறைய ஆறு நிமிஷம் என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். வளைகாப்பு வீட்டுக் குடங்களை எல்லாரும் முன்னால் விட்டார்கள்.

சாயங்காலம் மன்றக் கூடத்தில் அறிக்கையை வாசித்தார்கள். முதல் வரியே மேட்டுத் தெருவுக்குத் தனிக் குழாய் போட வேண்டும் என்பதுதான். வாசித்து முடித்ததும் சதீஷ் எழுந்தார்.

"பஜார்ல தொறக்கச் சொன்னது நான்தான் மேடம். அதையும் எழுதிக்கோங்க."

ஐயாதுரைக்கு அந்தப் பையன் மேலிருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது.

வண்டி ஏறுமுன் தங்கப்பாண்டியன் அவரைத் தனியே கூப்பிட்டார். "அடுத்த மாசம் எங்க ஊருக்கு நீங்கதான வாரிய? அங்கயும் பஜார்லதான் தொறக்கச் சொல்லுவாவ. நானும் தொறந்துதான் ஆவணும். நம்பிராதிய."

மூன்று வாரத்தில் ஊர்த் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மேட்டுத் தெரு வரைக்கும் குழி தோண்டச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஐயாதுரை சைக்கிளை உருட்டிக்கொண்டு கோட்டின் மேலேயே இரண்டு தடவை நடந்து பார்த்தார்.

அடுத்த மாதம், சலவைச் சட்டை போட்டு, முதல் தடவையாக ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்து பக்கத்து ஊருக்குப் போனார். அங்கே பஜார் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குடம் இல்லை. சாவியைப் பிடித்தபடி தங்கப்பாண்டியன் தலையைக் குனிந்து நின்றார்.

ஐயாதுரை டிரைவரின் தோளைத் தட்டினார். "நிப்பாட்டாதப்பா. நேரா கடைசித் தெருவுக்கு விடு."