அண்ணாவும் நானும் வாங்க இருந்த துவக்கு

எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் பழுதாகிப் பல மாதமாகிறது. அம்மா புதிது வாங்க விடவில்லை. அண்ணா செத்து ஆண்டுத் திவசம் முடியும்வரை வீட்டுக்குள் புதுச்சாமான் எதுவும் வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். பானையில்தான் சோறு வடிக்கிறோம். அந்தக் குசினியில் நின்றுகொண்டு, நான் துவக்கு வாங்கப்போகிறேன் என்று சொன்னேன்.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

“என்ன வாங்கப்போறாய்?”

“துவக்கு அம்மா. அண்ணாவும் நானும் வாங்க இருந்தமே, அது.”

அண்ணா விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை செய்தவன். அவனோடு வேலை செய்த ஒருவர் ஒருநாள் எங்கள் இருவரையும் நகரத்துக்கு வெளியே, துவக்குச் சுடுகிற ஒரு கிளப்புக்குக் கூட்டிப்போனார். அங்கே கடதாசியில் வட்டம் கீறி வைத்திருப்பார்கள். அதைச் சுடவேண்டும், அவ்வளவுதான். நான் குறி பார்க்கும்போது அண்ணா பின்னால் நின்று, “மூச்சை விடடி. விட்டிட்டு அப்பிடியே நில்,” என்றான். விட்டுவிட்டு நின்றேன். தலைக்குள் இருந்த சத்தமெல்லாம் கொஞ்ச நேரம் ஓய்ந்தது. குண்டு கடதாசியில் படவேயில்லை, அதற்குப் பின்னால் இருந்த மண்மேட்டுக்குள் போனது. “மண்ணுக்குச் சுட்டிட்டாள் அம்மா, பாவம் மண்,” என்று வீட்டுக்கு வந்தும் பகிடி பண்ணினான்.

பிறகு இரண்டு பேருக்குமாக ஒரு துவக்கு வாங்க நினைத்து, அதற்கான லைசென்ஸ் வகுப்புக்குப் போனோம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். இங்கிலீஷ் கதைப்பேன், ஆனால் பெரிய பந்தியாக இருந்தால் வாசிக்க மாட்டேன். வகுப்புப் புத்தகம் முழுவதையும் அண்ணாதான் வாசித்துச் சொன்னான். ஆனால் லைசென்ஸ் முதலில் வந்தது எனக்கு. அவனுடையது வருவதற்கிடையில், வேலையிடத்தில் தலை இடிக்கிறது என்று இருந்தவன் எழும்பவில்லை. மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டதாம். செத்தவீடு முடிந்தபிறகு அவனுடைய லைசென்ஸ் தபாலில் வந்தது. அம்மா அதை அவனுடைய படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்.

“ஆண்டு முடியேல்லை. புதுச்சாமான் வாங்கக்கூடாது,” என்றார் அம்மா.

“அது புதுசில்லை. பழைய ஆமித் துவக்கு. தங்களுக்குத் தேவையில்லாததை வேறை நாட்டு ஆமிக்காரர் வித்துப்போட்டாங்கள். அம்மப்பாவைவிட அதுக்கு வயசு கூட.”

அம்மா யோசித்தார். “பழசெண்டால் பறவாயில்லையோ?”

“நீங்கள்தானே புதுசு எண்டு சொன்னனீங்கள்.”

“அப்ப பழைய ரைஸ் குக்கர் ஒண்டு வாங்கியிருக்கலாமே, மூதேவி! இவ்வளவு நாளும் என்னைக் கஞ்சி வடிக்க விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாய்!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணா போனபிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். சிரிப்பு முடியமுதலே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“உனக்கு இப்ப மனம் சரியில்லை பிள்ளை. இப்பவே உது வேணுமோ?”

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு நான் அழுவது அவருக்குக் கேட்காமல் இருக்காது. அவருக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

“அம்மா, என்னைச் சுடுறதுக்கில்லை நான் துவக்கு வாங்கப்போறது,” என்றேன். “மூச்சை விடு எண்டு அண்ணா சொன்ன இடத்திலை இன்னொருக்காப் போய் நிக்கவேணும். வேறை ஒண்டுமில்லை.”

வெங்காயத்தை வெட்டி முடித்தார். பிறகு, “அப்ப நானும் கடைக்கு வாறன்,” என்றார்.

அண்ணாவின் காரில் மிசிசாகாவில் இருந்த துவக்குக் கடைக்குப் போனோம். அம்மா சீலைக்கு மேல் அண்ணாவின் குளிர்ச்சட்டையைப் போட்டிருந்தார். கை நீளம், விரல் நுனிகூடத் தெரியவில்லை. கடைக்காரர் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த பெரிய உடம்புக்காரர். என்னிடம் நிறையக் காசு இல்லை என்று முதலே சொல்லிவிட்டேன். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. என் லைசென்ஸைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

முதலில் எடுத்து வந்தது, ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த குண்டு தானாக ஏறுகிற வகை. இருந்தவற்றில் அதுதான் மலிவு. அம்மா அதைக் கண்டதும் பின்னால் ஒரு அடி வைத்தார்.

“உது வேண்டாம். உந்த மாதிரியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவங்களை ஊரிலை போதும் போதும் எண்டு பாத்திட்டன்.”

நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. கடைக்காரருக்கு விளங்கிவிட்டது, எடுத்து உள்ளே வைத்தார். அடுத்தது பிரித்தானியத் துவக்கு, நல்ல வடிவு. ஆனால் அதன் குண்டு விலைக்கு என் சம்பளம் போதாது. கடைசியில் ஒரே மாதிரியான இரண்டு பழைய ரஷ்யத் துவக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் கையால் இழுத்துத் தள்ளிக் குண்டு ஏற்றுகிறவை. ஒன்றின் மரம் பளபளவென்று இருந்தது. மற்றதில் கீறலும் கறையும். என் கை பளபளப்புக்குத்தான் போனது.

“மரத்தைப் பாத்து மயங்காதை. குழலுக்குள்ளை பார்.” இது அண்ணா எனக்கு எத்தனையோ தரம் சொன்னது.

கடைக்காரர் இரண்டிலும் இருந்த போல்ற்றை, அதுதான் இழுத்துத் தள்ளுகிற அந்த இரும்பை, கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குழலுக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்தார். பளபளப்பான துவக்கின் உள்ளே துருப்பிடித்துக் குழி குழியாக இருந்தது. கீறல் விழுந்ததின் உள்ளே கண்ணாடி மாதிரி மின்னியது. அம்மாவும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“என்னடி, உள்ளுக்கு முறுக்குப் பிழிஞ்ச மாதிரிச் சுத்திக்கொண்டு போகுது!”

பிறகு என் பக்கம் திரும்பி, “உது ஆரையும் சுட்டதோ எண்டு கேள்,” என்றார்.

கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார் கடைக்காரர். பழுதுபார்த்துக் கிறீஸ் பூசிக் களஞ்சியத்தில் நெடுங்காலம் கிடந்தது என்பதுவரை தெரியும், அதற்கு முதல் நடந்ததை யாரும் சொல்லமுடியாது என்றார்.

“இல்லையெண்டு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை,” என்றார் அம்மா. அந்த மனிதரை அவருக்குப் பிடித்துவிட்டது.

கடைக்காரர் துவக்கின் உடம்பில் இருந்த இலக்கத்தையும் போல்ற்றில் இருந்த இலக்கத்தையும் காட்டினார். கீறல் விழுந்ததில் இரண்டும் ஒன்று.

“ரெண்டும் ஒண்டாச் செய்ததாம் அம்மா. மற்றதிலை போல்ற் வேறை துவக்கின்ரையாம்.”

அம்மா மேசையில் கிடந்த போல்ற்றைச் சீலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கினார். கையில் வைத்துப் பாரம் பார்த்தார்.

“இது இல்லாட்டி வெடிக்காதோ?”

“வெடிக்காது. இது இல்லாட்டி அது வெறும் குழாய்தான்.”

“உண்மையாவோ?”

“சத்தியமா.”

“அப்ப இதை வாங்கு. துவக்கு உன்னட்டை இருக்கட்டும். இது என்னட்டை இருக்கும்.”

மேசைக்கு முன்னாலேயே எனக்கு அழுகை வந்தது. கடைக்காரர் விலைக்காக அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, விசையைப் பூட்டுகிற பூட்டொன்றைச் சும்மா தந்தார்.

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அப்பார்ட்மென்ட் குளியலறைக்குள் வைத்து அந்தக் கிறீஸைக் கழுவினோம். அம்மா கேத்தில் கேத்திலாகச் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். “புது வாகனம் எண்டால் தேசிக்காய் வைக்கலாம். இது பழசு, வேண்டாம்,” என்றார். நான் இரும்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தன்பாட்டில் மரத்துக்கு நல்லெண்ணெய் தேய்த்து முடித்துவிட்டார். என் தலைக்குத் தேய்க்கிற மாதிரியே, அழுத்தி அழுத்தி.

“அம்மா! மரத்துக்கு வேறை எண்ணெய் இருக்கு!”

“காய்ஞ்சுபோய்க் கிடந்தது பிள்ளை. பாக்கப் பாவமா இருந்தது.”

துவக்கைப் பூட்டி வைத்தேன். போல்ற்றை அவர் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, அண்ணாவின் குளிர்த்தொப்பிக்குள் சுற்றித் தன் அலுமாரிக்குள் வைத்தார்.

போன சனிக்கிழமை, அண்ணாவோடு வேலை செய்த அவர் மறுபடியும் கிளப்புக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். காலையில் அம்மாவிடம் கேட்டேன். என் முகத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு தொப்பியை விரித்துப் போல்ற்றை எடுத்துத் தந்தார்.

“திருப்பிக் கொண்டுவந்து என்ர கையிலை தா.”

அண்ணா நின்ற இடம் அப்படியே இருந்தது. துவக்குத் தோளில் சரியாகப் பொருந்தியது. ஐந்தாறு குண்டு போனதும் குழல் சூடேறி, மரத்திலிருந்து நல்லெண்ணெய் மணம் கிளம்பியது. பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்தவர், யாரோ சமைக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பித் தேடினார். எனக்குச் சிரிப்பு வந்து குறி ஆடியது. பிறகு மூச்சை விட்டேன். விட்டுவிட்டு அப்படியே நின்றேன். பின்னால் ஒருவரும் இல்லை என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறக்கமுதலே அம்மா திறந்தார். கையை நீட்டிக்கொண்டு நின்றார். போல்ற்றை வைத்தேன். விரல்களை மூடி, என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“பட்டதோ?”

“ஒண்டு பட்டது. மிச்சம் எல்லாம் மண்ணுக்கு.”

“பாவம் மண்,” என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கையை விடவில்லை. பிறகு சோறு குழைந்துவிடும் என்று குசினிக்கு ஓடினார்.