நெஞ்சுப் படத்துக்கு முன் ஒன்பது நாள்

ராஜாத்தி, பழனி, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். பிழை இருந்தால் ராஜாத்தி திருத்திக்கொள்.

போன மாதம் உங்களை அவசரமாகக் காரமடைக்கு, அம்மாவைப் பெற்ற அப்பிச்சி வீட்டுக்கு ரயிலேற்றி அனுப்பினேன். ஃபாக்டரியில் வேலை அதிகம், அதனால்தான் என்று சொன்னேன். அது பொய். நான் இருமுகிற காற்று உங்கள் மேல் படக் கூடாது என்றுதான் அனுப்பினேன். என்ன நடந்தது என்று இப்போது எழுதிவிடுகிறேன். நாளைக்கு உங்களுக்கோ உங்களுக்கு வேண்டியவர்களுக்கோ இப்படி ஒரு நாள் வந்தால், இதைப் படித்த ஞாபகம் உதவும்.

இருமல் மழைக்காலத்தில் தொடங்கியது. சல்லடை அறையில் தேயிலைத் தூசு பறக்கும், எல்லோரும்தான் இருமுகிறோம் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் துண்டில் குங்குமப் பொட்டளவு ரத்தம் இருந்தது. உங்கள் அம்மாவுக்குக் காட்டாமல் மடித்தேன். அவள் ஏற்கனவே பார்த்திருந்தாள். அந்த வாரமே உங்களை ரயிலேற்றினேன்.

குன்னூரில் டாக்டர் என் முதுகில் விரலால் தட்டிப் பார்த்தார். குழாய் வைத்துக் கேட்டார். க்ஷயமாக (நுரையீரலை அரிக்கும் நோய், இருமலில் மற்றவருக்கும் ஒட்டும்) இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். எக்ஸ்ரே (உடம்புக்கு உள்ளே இருப்பதை நிழலாகப் பிடிக்கும் படம்) எடுத்தால்தான் தெரியும். அதற்கான தகடு மலைக்குக் கீழேயிருந்து வர வேண்டும், ஒன்பது நாள் கழித்து வாருங்கள் என்றார்.

"மூச்சை இழுத்து நிறுத்தணும், மேஸ்திரி. நடுவுல இருமினா படம் கலங்கிப் போயிடும். அப்புறம் அடுத்த தகடு எப்ப வரும்னு எனக்கே தெரியாது" என்றார்.

இரண்டு நிமிடம் இருமாமல் பேச முடியாத ஆளிடம் இதைச் சொன்னார்.

எனக்கு என்ன பயம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சாவு அல்ல. எஸ்டேட்டில் ஒருவனுக்கு க்ஷயம் என்று எழுதிவிட்டால் வேலையும் போகும், வீடும் போகும். அதைவிட, உங்களை மறுபடி என் பக்கத்தில் விட மாட்டார்கள். நானே விட மாட்டேன். அன்றைக்கே என் டம்ளரின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டித் தனியாக ஜன்னல் ஓரம் வைக்கச் சொன்னேன். அம்மா கட்டினாள்.

ஒன்பது நாள் என்ன செய்வது? கையைச் சும்மா வைத்திருந்தால் மனம் காரமடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியது. மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. உடனே முடிவு செய்தேன், தலைக்குச் சாயம் பூசிக்கொள்வது என்று.

அம்மா கேட்டாள், "ஏனுங்க, படம் நெஞ்சுக்கா, தலைக்கா?"

"டாக்டரு மொதல்ல மூஞ்சியத்தானே பாப்பாரு? நரைச்ச கெழவன், இவன் போனாப் போறான்னு நெனச்சுப்போட்டா?"

"சரி, பூசிக்குங்க. பொண்ணு பாக்கப் போறீங்கன்னு நெனச்சுக்கறேன்."

மருதாணி பூசி ஊறவைத்துக் கழுவினேன். நரை எல்லாம் செம்பு நிறமாக வந்தது. நசுக்கிய தேயிலை இந்த நிறத்துக்கு வந்ததும் என் கை தானாக, இலையைச் சூட்டில் காயவைக்கிற டிரையர் பக்கம் போகும், பதினாலு வருஷப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. மருதாணிக்கு மேல் அவுரிப் பொடியைக் குழைத்துப் பூசினால் கருப்பாகும் என்று தெரியும். பூசிக்கொண்டு ஃபாக்டரிக்குப் போய், டிரையரின் சூட்டுக்கு இடது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன். சூட்டில் சீக்கிரம் பிடிக்கும் என்று நினைத்தேன். வலது பக்கம் கம்பளிக்குள் ஈரமாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து தலையைக் கழுவினேன். அம்மா விளக்குமாற்றோடு நின்று பார்த்தாள். உங்களை அனுப்பிய பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"ஏனுங்க, ஒரு பக்கம் ராத்திரி, ஒரு பக்கம் வெடியால!"

வலது பக்கம் கருப்பு. இடது பக்கம் செம்புக் குடம். நடுவில் கோடு போட்டதுபோல் பிரிந்திருந்தது.

மொட்டை அடித்துவிடலாமா என்றேன். அவள் சிரிப்பு நின்றுபோனது. "எழவு ஊட்டுத் தலையோட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமுங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குன்னூர் கடைவீதிக்குப் போனேன். அவுரிப் பொடி விற்கிற பாயின் கடையில் துண்டை அவிழ்த்தேன்.

"மேஸ்திரி, ஒரு ஆளு வந்தீங்களா, ரெண்டு ஆளா?" என்றார்.

டிரையர் கதையைச் சொன்னேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அவுரி காஞ்சுதுன்னா அதோட செத்துதுங்க. ஈரம் இருக்கோணும், இளஞ்சூடு இருக்கோணும். தேயிலைய வறுக்கற மாதிரித் தலைய வறுத்திருக்கீங்களே!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. இலை நிறம் மாறுகிற அறையில் ஈரத் துணியைத் தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். டிரையர் நிறத்தைக் கொண்டுவருவதில்லை, வந்த நிறத்தை அதோடு நிறுத்துகிறது. இலைக்குத் தெரிந்த விஷயம் என் தலைக்கு எப்படி மறந்தது? பயம்தான். பயந்தவனுக்கு எல்லாம் சீக்கிரம் முடிய வேண்டும்.

மறுநாளே சரிசெய்தோம். எப்படி என்று எழுதுகிறேன், உங்களுக்கும் ஒரு நாள் நரைக்கும். முதலில் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவ வேண்டும். அவுரியைக் கொதிநீரில் குழைக்கக் கூடாது, கை பொறுக்கிற வெந்நீர் போதும், ஒரு சிட்டிகை உப்பு. காதோரம் ஒரு கொத்து முடியில் மட்டும் முதலில் பூசிப் பார்த்து, அரிப்பு இல்லை என்று தெரிந்த பிறகு மற்றது. செம்பாக இருந்த பக்கத்தில் மட்டும் அம்மா அடர்த்தியாகப் பூசினாள். வாழையிலை வைத்து மூடி, வெந்நீரில் பிழிந்த துண்டைச் சுற்றினாள். துண்டு ஆறும்போதெல்லாம் மறுபடி நனைத்துச் சுற்றினாள்.

"ரெண்டு மணி நேரம் எந்திரிக்கப்படாது" என்றாள்.

சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் மூச்சு ஞாபகம் வந்தது. இழுத்து நிறுத்திப் பார்த்தேன். நாலு எண்ணுவதற்குள் இருமல் பிடுங்கியது. இருமல் வரும் என்று பயந்து நெஞ்சை இறுக்குவதால்தான் வருகிறது என்று கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. கழுத்தில் துண்டிலிருந்து வெந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சை விட்டுவிட்டு அந்தச் சொட்டை மட்டும் கவனித்தேன். தோளைத் தளர்த்தி, மெதுவாக இழுத்து, நிறுத்தினேன். ஏழு. பிறகு பதினொன்று. அம்மா பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டே எண்ணினாள். நான் ஏமாற்றினால் முதலிலிருந்து எண்ணினாள். அவிழ்ப்பதற்குள் இருபது வந்துவிட்டது.

அவிழ்த்துக் கழுவினால் முடி பச்சையாக இருந்தது.

"கருப்பு ஆச்சு, செவப்பு ஆச்சு. கிளிதான் பாக்கியா இருந்துது" என்றாள் அம்மா. அவுரி முதலில் அப்படித்தான் காட்டும், காற்றுப் பட்டு மறுநாள்தான் கருக்கும் என்று பாய் சொல்லியிருந்தார். கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் சாயங்காலம் இரண்டு பக்கமும் ஒரே தலை.

ஒன்பதாம் நாள், படம் எடுக்கிற அறையில் சட்டையையும் தாயத்தையும் கழற்றச் சொன்னார்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டுவிட்டேன்.

"டாக்டரய்யா, தலைக்குச் சாயம் போட்டிருக்கறேனுங்க. படத்துல விழுமுங்களா?"

"நெஞ்சைத்தான் எடுக்கறேன், மேஸ்திரி. தலையையே எடுத்தாலும் மண்டை ஓடுதான் விழும், மருதாணி விழாது" என்று சிரித்தார். பிறகு என் தலையைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நெஞ்சில் தகடு பனிக்கட்டிபோல் ஒட்டியது. மோவாயைத் தூக்கி, தோளை முன்னால் தள்ளி நின்றேன். மூச்சை நிறுத்தச் சொன்னார்கள். கழுத்தில் வெந்நீர் சொட்டுவதாக நினைத்துக்கொண்டேன். அம்மாவின் குரலில் எண்ணினேன். ஏழுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பிறகு இருமினேன் பாருங்கள், அறையே அதிர்ந்தது.

கிருமி இருக்கிறதா என்று பார்க்க, மூன்று நாள் காலைச் சளியையும் கொடுத்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். என் விலா எலும்புகள் டிரையர் தட்டுகள்போல் அடுக்கி இருந்தன. இடது நுரையீரலின் மேல்முனையில் மிளகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று.

"இது எப்பவோ வந்து, தானா ஆறிப்போன தழும்பு. சளியில மூணு நாளும் கிருமி இல்ல. இப்ப இருமல் தூசுனால வந்தது. மூச்சுக்குழல் புண்ணாகி இருக்கு, அதுலதான் ரத்தம். சல்லடை அறைப் பக்கம் இனிப் போகாதீங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பாத்துக்கலாம்."

"கொழந்தைகளை..." என்றேன்.

"கூட்டிட்டு வாங்க" என்றார்.

எஸ்டேட் துரையிடம் டாக்டர் கொடுத்த சீட்டைக் காட்டினேன். இலை வாடவைக்கிற மாடிக்கு என்னை மாற்றிவிட்டார்கள். அங்கே தூசு இல்லை. இருமல் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் குறைந்துவிட்டது.

அந்த மிளகளவு தழும்பைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். எனக்குத் தெரியாமலே ஒரு நோய் உள்ளே வந்து, நான் வேலைக்குப் போய்க்கொண்டும் உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டும் இருந்த ஏதோ ஒரு வருஷத்தில், ஆறியும் இருக்கிறது. இந்த உடம்பு எனக்குச் சொல்லாமல் ஒரு பெரிய வேலையை முடித்திருக்கிறது. அதை நான் இனிக் கொஞ்சம் நம்பலாம்.

நாட்களையும் இப்போது வேறு மாதிரி எண்ணுகிறேன். அடுத்த படத்துக்குள் நரை வேரிலிருந்து இரண்டு விரல் வளர்ந்திருக்கும். சாயம் பூசாமல் அப்படியே போவேன்.

உங்களைக் கூட்டிவர அம்மா இன்று காலை ரயிலுக்குப் போனாள். அவள் போன பிறகு ஜன்னல் ஓரத்திலிருந்த என் டம்ளரை எடுத்து, நகத்தால் அந்த நூலைப் பிரித்து அடுப்பில் போட்டேன். டம்ளரைப் புளி போட்டு விளக்கி, உங்கள் டம்ளர்களோடு சேர்த்துக் கவிழ்த்தேன். பிறகு ராஜாத்தியின் சின்ன டம்ளரை எடுத்து, அதில் தண்ணீர் மொண்டு, வாய் வைத்துக் குடித்தேன்.