பதினொரு பேரின் புள்ளிகள்

மருத்துவமனை அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர். பதினொரு நர்ஸுகளின் விடுப்பு, பணிமாற்றம் எல்லாம் அவளுடைய ஒரே கணினி வழியாகத்தான் போகும். பதினொரு பேரின் பாஸ்வேர்டையும் பிரவுசர் சேமித்து வைத்திருந்தது. பெயரைத் தொட்டால் கீழே கறுப்புப் புள்ளிகள் தாமாக வந்து உட்காரும். புள்ளிகளுக்குப் பின்னாலிருக்கும் எழுத்துகள் அவளுக்குத் தெரியாது. எண்ணிக்கை மட்டும் அத்துப்படி. தலைமை நர்ஸுக்குப் பதினான்கு, ஐந்தாம் வார்டுக்காரிக்கு எட்டு. தவறான பெயரைத் தொட்டுவிட்டால் புள்ளிகளைப் பார்த்தே கண்டுகொள்வாள். ஒருத்தியின் விண்ணப்பம் இன்னொருத்தி பெயரில் போனதே இல்லை. அதை அவளே அடிக்கடி சொல்லிக்கொள்வதுதான் கொஞ்சம் அதிகம்.

திரையின் ஓரத்தில் அவள் எழுதி ஒட்டிய சீட்டு: “சேமிக்கவா, மாற்றவா என்று கேட்டால் ‘வேண்டாம்’ அமுக்கவும். நான் பார்த்துக்கொள்வேன்.”

அன்று பணிமாற்றத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஐந்து மணிக்கு விண்ணப்ப இணையதளம் மூடிவிடும். நாலரைக்கு ஐந்தாம் வார்டுக்காரி மூச்சிரைக்க வந்தாள். கணவனும் மூன்று வயது மகளும் வேறு ஊரில். இதை விட்டால் இன்னும் ஒரு வருடம்.

“உக்காரு. அஞ்சு நிமிஷ வேலை.”

பெயரைத் தொட்டாள். எட்டுப் புள்ளிகள். தவறு என்றது தளம். மறுபடி தொட்டாள், மறுபடியும் தவறு. மூன்றாவது முறை தவறினால் கணக்கு நாளை வரை பூட்டிக்கொள்ளும். புள்ளியம்மா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“பாஸ்வேர்டை மாத்தினியா?”

“போன மாசம் மாத்தச் சொல்லிச்சு, மாத்தினேன்க்கா. இதே கம்ப்யூட்டர்லதான். நீங்க அன்னிக்கு லீவு.”

“புதுசை வச்சுக்கவான்னு கேட்டிருக்குமே?”

“கேட்டுச்சு. வேணாம்னு அமுக்கினேன்.” அவள் சீட்டைக் காட்டினாள். “நீங்கதானேக்கா எழுதி வச்சிருக்கீங்க!”

புள்ளியம்மா தன் சீட்டைத் தானே ஒருமுறை படித்தாள். பிரவுசர் பழையதையே பத்திரமாக வைத்துக்கொண்டு நீட்டியிருக்கிறது. அதன் மேல் தப்பில்லை.

“புதுசு என்ன?”

“மறந்துட்டேன். நீங்க பாத்துக்குவீங்கன்னு விட்டுட்டேன்.”

ஒருவருக்காக எல்லா முடிவையும் நாமே எடுத்தால், அவர் நினைவில் வைத்துக்கொள்வதையும் நிறுத்திவிடுகிறார். இது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. மறந்துவிட்டதாகச் சொன்னால் தளம் ஒரு எண்ணை அனுப்பும். அதுவும் வார்டுக்காரி எப்போதோ கைவிட்ட பழைய கைபேசிக்கு.

மணி நாலே முக்கால்.

“மாத்தும்போது எத்தனை தடவை அடிச்ச?”

“ஏழெட்டு தடவை இருக்கும். ரெண்டு கட்டமும் ஒத்தே வரல.”

“அப்போ விரலுக்குத் தெரியும்.” புள்ளியம்மா ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். “இதுல அடிச்சுப் பாரு. யோசிக்காத. நான் பாக்கல.” நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பின்னால் தட்டும் சத்தம். “ச்சே.” மறுபடி தட்டல். பிறகு ஒரு சிரிப்பு.

“வந்துருச்சுக்கா! எங்க வீட்டுக்காரரைத் திட்டுற வார்த்தை.”

“எனக்கெதுக்கு அது? இங்க அழிச்சுட்டு அங்க அடி.”

தளம் திறந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. உடனே திரையின் மூலையில் சின்னக் கட்டம்: புதியதைச் சேமிக்கவா? வார்டுக்காரியின் கை பழக்கத்தில் ‘வேண்டாம்’ பக்கம் போனது.

“நீயே படிச்சு அமுக்கு. உன்னோடதுதானே,” என்றபடி புள்ளியம்மா சீட்டைக் கிழித்தாள். பிறகு திரையைப் பார்த்து, வழக்கம்போலப் புள்ளிகளை எண்ணினாள்.

“பன்னெண்டு எழுத்தா? பாவம்டி அந்த மனுஷன்.”