வோட்டில்லாத ரோசா கேட்ட நாள்

1992 செப்டம்பர் கடைசியில், ஒரு புதன்கிழமை காலை ஹீத்ரோவில் இறங்கினேன். பிக்கடில்லி ரயிலில் கிரீன் பார்க் வரை, அங்கே மாறி ஜூபிலி ரயிலில் வெம்பிளி பார்க். குன்னூர்க்காரனுக்கு லண்டன் குளிர் எம்மாத்திரம் என்று மெல்லிய ஸ்வெட்டரோடு வந்த என்னைப் பார்த்து, வேனோடு காத்திருந்த குணம் என்ற குணரத்தினம் சிரித்தேவிட்டான். சென்னையில் என்னோடு கல்லூரியில் படித்த யாழ்ப்பாணத்து நண்பன். சண்டைக்குத் தப்பி இங்கே வந்து ஆறு வருடம். மளிகைக் கடையில் வேலை. அகதி மனுவுக்கு இன்னும் முடிவு வரவில்லை.

“பின்னேரம் கவுன்சிலுக்குப் போறம், மச்சான். நான் பேச வேணும்” என்றான்.

வீட்டில் இடியப்பமும் சொதியும் பரிமாறிய அவன் மனைவி ராணி என்னிடம் முறையிட்டாள். “நீங்களாவது சொல்லுங்கோ அண்ணை. கேஸ் முடியேல்லை. ஊர் வம்பு இவருக்கு ஏன்?”

வம்பின் பெயர் ரோசா. மாடி அறையில் குடியிருக்கும் பொலிவியாக்காரி, ஐமாரா என்னும் பழங்குடியைச் சேர்ந்தவள், சலவைக்கூடத்தில் வேலை. கொலம்பஸ் கடல் கடந்த ஐந்நூறாவது ஆண்டு என்று உள்ளூர்க் கவுன்சிலின் நூலகத்தில் கப்பல் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். அவர் கரையேறிய அக்டோபர் 12, அங்கே ஏற்கெனவே வாழ்ந்த மக்களின் நாளாக இருக்கட்டும் என்று ரோசா கேட்கிறாள். ஆனால் வோட்டர் ஒருவர்தான் மனுவை முன்வைக்கலாம் என்பது அந்தக் கவுன்சிலின் விதி. பிரிட்டன் ஆண்ட நாட்டுக்காரன் என்பதால் குணத்துக்கு இங்கே வோட்டு உண்டு. அவளுக்கு இல்லை.

மாலை ஏழு மணிக்கு ரோசாவோடு கவுன்சில் சபையின் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். கைதட்டக் கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். நரைத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “சாக்கடை அடைத்துக் கிடக்கிறது, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு இங்கே எதற்கு நாள்?” என்று கேட்டார். கேள்வி நியாயமாகவே பட்டது, எனக்குக் கவலையாகிவிட்டது.

குணத்தை அழைத்தார்கள். ஐந்து நிமிடம். எழுதிவந்த காகிதத்தை எடுத்தான். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் பேசினான்.

“நான் நேற்று வந்த அகதி. உங்கள் ராஜா எங்கள் நாட்டை ஆண்டதால் எனக்கு வோட்டு கிடைத்தது. ரோசாவின் நாட்டை ஸ்பெயின் ராஜா ஆண்டுவிட்டார். ராஜா மாறிப்போனது அவள் குற்றமா? என் மீதி நேரத்தை அவளுக்குக் கொடுங்கள்.”

சபை சிரித்தது. நரைத்தவரும் சிரித்துவிட்டார். மேயர் தலையசைக்க, ரோசா எழுந்தாள். “கப்பல் படத்துக்குப் பக்கத்தில் எங்கள் மக்களின் பெயரையும் எழுதுங்கள். கப்பல் வந்தபோது நாங்கள் அங்கே இருந்தோம்” என்றாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள்.

கைகள் உயர்ந்தன. தீர்மானம் நான்கு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. விடுமுறை கிடையாது, செலவும் கிடையாது. ஆனால் அந்த நாள் அவர்களுடைய நாள். எனக்குக் கை துறுதுறுத்தது. குணமோ விதியைக் காற்றில் பறக்கவிட்டுக் கைதட்டிவிட்டான்.

வீட்டு வாசலில் நின்ற ராணியின் முதல் கேள்வி: “கேஸைப் பற்றி ஆரும் கேட்டவையோ?”

“ஒருத்தரும் கேக்கேல்லை. அகதி எண்டு நானே சொல்லிப் போட்டன்.”

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு ரோசாவுக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினாள்.

பத்து நாள் கழித்து விமான நிலையத்தில் என்னை வழியனுப்பும்போது குணம் கேட்டான்: “உங்கட நீலகிரியிலயும் தோடர், இருளர் எண்டு இருக்கினமே. அவைக்கு வோட்டு இருக்கோ?”

“இல்லாமலா? நம்ம நாட்டில் எல்லாருக்கும் உண்டு” என்றேன், பெருமையாகவே.

“அப்ப அவையிட நாள் எது?”

அந்த மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். “தெரியாது. அவர்களிடமே கேட்டு உனக்கு எழுதுகிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன்.