கால்வாய் மேல் கொட்டகை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் ஒரு அடைமழைக்குப் படப்பைப் பக்கம் வந்து பாருங்கள். 1991 ஐப்பசியில் இது எனக்கே நடந்தது.

ஒரகடம் சாலையில் புதிதாக மனை போட்டார்கள். என் கணவர் தாமஸ் அங்கே வாட்ச்மேன். சிமென்ட் கொட்டகையில் ஒரு பக்கம் மூட்டைகள், இன்னொரு பக்கம் நாங்களும் கைக்குழந்தை ஷாலினும். ஏரிக் கால்வாயைத் திறந்தே விட வேண்டும், மழைநீர் தேங்கக் குட்டை வெட்ட வேண்டும் என்றுதான் அனுமதி கொடுத்திருந்தார்கள். முதலாளிக்கோ நாலு மனை கூடுதலாக வேண்டும். கால்வாயில் இரண்டடி அகல சிமென்ட் பைப்பைப் புதைத்து, மண்ணைக் கொட்டி மூடிவிட்டார். அந்த மண் மேல்தான் எங்கள் கொட்டகை.

நீர்கட்டி தணிகாசலம் மட்டும் வந்து சண்டை போட்டார். ஏரி மடையைத் திறப்பது அவர் வேலை. திறந்துவிட்டு, தண்ணீருக்கு முன்னால் தடியைத் தட்டிக்கொண்டே கால்வாயோரம் நடப்பார், பிள்ளைகளும் ஆடுமாடும் விலகிக்கொள்ள.

"இந்த பைப்பு பத்தாது சார்," என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழை பிடித்த முதல் நாள் தரைக்கடியில் ஏதோ தட்டியது. பெருச்சாளி என்றார் தாமஸ். பிறகு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம். தாமஸ் பால்பவுடர் வாங்கப் போயிருந்தார். கரண்ட் இல்லை. குழந்தை தூளியில்.

டொக்... டொக்...

ஏரிப் பக்கமிருந்து நெருங்கி வந்தது. கதவைத் திறந்தேன். தணிகாசலம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"இன்னா பெரிசு, இந்த மழையில?"

"புள்ளய தூக்கினு ரோட்டு மேல ஏறும்மா. தண்ணி வருது."

"அவரு வரட்டும்."

"ஏறும்மா."

முகமெல்லாம் சேறு. கொட்டுகிற மழை அதைக் கழுவவே இல்லை...

கையிலிருந்த தடி அசையவில்லை.

டொக்...

சத்தம் என் காலடியில்.

டொக்...

தூளிக்குக் கீழே.

குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினேன். ரோட்டில் ஏறித் திரும்பினால் அவர் இல்லை. மண் சரியும் சத்தம். கொட்டகையும் இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனோம். மனைவி கிளியம்மாள் எழுந்து வந்தாள்.

"அவர எங்கனா பாத்தியாம்மா? மழ புடிச்ச அன்னிக்கி பைப்பு அடச்சினு கீதுன்னு போனாரு. இன்னும் வூட்டுக்கு வர்ல."

அன்று மதியம் பைப்பைத் தோண்டினார்கள். குப்பையை இழுக்க உள்ளே புகுந்தவர் அங்கேயே சிக்கிக் கிடந்தார், சரியாக எங்கள் கொட்டகை நின்ற இடத்தில். உயிர் போய் இரண்டு நாளுக்கு மேல் இருக்கும் என்றார் டாக்டர். கையில் தடி இருந்தது. பைப்பின் மேல்பக்கம் உள்ளிருந்து தட்டித் தட்டிப் பெயர்ந்துபோயிருந்தது.

முதல் நாள் நாங்கள் கேட்டபோது அவர் உயிரோடுதான் இருந்திருக்கிறார்.

இப்போதும் மழை ராத்திரியில் எங்காவது தட்டினால், பெருச்சாளி என்பார் தாமஸ். நான் எழுந்துபோய்த் தரையில் காதை வைக்கிறேன்.