மூன்று காலத்திலும் ஒரு பெட்டி

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

எதிரே டை கட்டிய ஒருவர். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுவிட்டு, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான். என் காதில் விழுந்ததோ... கூட்ஸ் வண்டி கடந்து போகிற சத்தம்.

இந்தப் பத்தியில் வாராவாரம் எங்களோடு இவ்வளவு பேசுகிறாயே என்பீர்கள். எல்லாம் காகிதத்தில்தான்! நேரில் நாலு பேர் நின்றால் எனக்குத் தமிழே வராது. படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆங்கிலம் எங்கிருந்து வரும்?

முதலிலிருந்து சொல்கிறேன். ஹெப்பகோடியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்கு பேக்கிங் பிரிவு. சுவிட்சுகளை எண்ணி அட்டைப் பெட்டியில் வைத்து, லேபிள் ஒட்டி, டேப் போடும் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்பு மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார் — ஐஎஸ்ஓ சர்டிபிகேட்டுக்காக டெல்லியிலிருந்து ஆடிட்டர் வருகிறார், தொழிலாளிகளிடமே ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார், பதில் சொல்லத் தெரியாதவன் பேக்கிங்கில் இருக்க முடியாது, லோடிங்குக்குப் போக வேண்டியதுதான்.

லோடிங் என்றால் நாளெல்லாம் லாரியில் சுமை ஏற்றுவது. எனக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி மூன்று வருஷம். தண்ணீர்க் குடத்தையே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"என்ன குரு, தோள்ல போட்டுக்கத் துண்டு வாங்கியாச்சா?" என்று பக்கத்து மேஜை முனிரத்னா தினமும் கிண்டல் செய்தான். இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் 'குரு'தான். சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

ஈஜிபுராவில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாவு மில்லுக்கு மேல் மாடியில் ஞாயிறுதோறும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. நடத்துபவர் மர்பி டவுனிலிருந்து வரும் ஸ்டெல்லா மிஸ். முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் குரங்குக் குல்லா போட்ட ஒரு ஆள். மே மாதத்தில் குல்லாவா? எட்டிப் பார்த்தேன்.

எங்கள் சூப்பர்வைசர்!

ஆங்கிலத்தைத் தவிர வேறெதிலும் அதட்டாத மனிதர். "ஏய் பேக்கிங்! க்விக், க்விக்! வாட் நான்சென்ஸ்!" என்று அவர் போடும் சத்தத்தில் அட்டைப் பெட்டிகூட நிமிர்ந்து நிற்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவர்தான். ஆனாலும் கம்பெனியில் என் பெயரே 'ஏய் பேக்கிங்'தான்.

குல்லாவை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு, "அண்ணா... கம்பெனில யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா. மானம் போயிரும்" என்றார்.

அண்ணாவாம்! எனக்கும் அதே பயம்தான் என்றேன். ஒப்பந்தம் ஆயிற்று.

செய்தி, கேள்வி, கட்டளை, வியப்பு என்று வாக்கியம் நாலு வகை என்றார் ஸ்டெல்லா மிஸ். சூப்பர்வைசரைப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சார், உங்களுக்குக் கட்டளையும் வியப்பும் சூப்பரா வருது. மீதி ரெண்டும்தான் வரல" என்றார். யோசித்துப் பாருங்கள்... அரைகுறை ஆங்கிலம் தெரிந்த நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே?

அப்புறம் செய்வினை, செயப்பாட்டு வினை. 'பெட்டி என்னால் கட்டப்பட்டது' என்று சொன்னால் பெட்டி முன்னால் வந்து நிற்கிறது, நான் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். கூச்சக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

மிஸ்ஸின் முறை இதுதான். பெஞ்சுக்கு இரண்டு பேர். ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், மற்றவர் மூன்று காலத்திலும் பதில் சொல்ல வேண்டும். எட்டு ஞாயிறும் கேள்வி சூப்பர்வைசருடையது, பதில் என்னுடையது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வாருங்கள்.

ஆடிட்டர் இரண்டாம் முறை கேட்டார். மறுபடியும் கூட்ஸ் வண்டி. மேனேஜர் என்னை முறைத்தார். முனிரத்னா தரையைப் பார்த்தான், கிண்டல் எல்லாம் எங்கோ போய்விட்டது. கண்முன் லாரி தெரிந்தது. இடுப்பு இப்போதே வலித்தது.

அப்போதுதான் சூப்பர்வைசர் ஒரு அடி முன்னால் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மாடி வகுப்பில் கேட்கும் அதே நிதானத்தில் கேட்டார்:

"மிஸ்டர் பெருமாள். வாட்... ஆர்... யூ... டூயிங்?"

கம்பெனியில் அவர் கேள்வி கேட்டு நான் கேட்டதே இல்லை. மிஸ்டரும் கேட்டதில்லை. பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐ யாம் பேக்கிங் த பாக்ஸ். யெஸ்டர்டே ஐ பேக்ட் த பாக்ஸ். டுமாரோ ஐ வில் பேக் த பாக்ஸ்!"

நிறுத்தத் தெரியாமல், "த பாக்ஸ் இஸ் பேக்ட் பை மீ" என்று அதையும் சேர்த்துவிட்டேன்.

ஆடிட்டர் சிரித்தே விட்டார். "டுமாரோ ஆல்சோ?"

"எஸ் சார். டுமாரோ ஆல்சோ!"

டிக் அடித்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். மேனேஜர் என் தோளைத் தட்டிவிட்டு, "இங்கயே இருய்யா" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

டீ நேரத்தில் சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து நின்றார். "குல்லா இல்லாம இதான் மொதத் தடவைண்ணா. மேனேஜர் முன்னாடி ஒரு கொஸ்டின் கேக்குறதுக்குள்ள..."

அவருக்கும் ஒரு டீ வாங்கி நீட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். இதைப் பத்தியில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா என் பேரு வேணாம்" என்றார். அதனால்தான் வெறும் சூப்பர்வைசர்.

புதன்கிழமை காலை எல்லாம் பழையபடி. "ஏய் பேக்கிங்! க்விக், க்விக்!" கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஆனால் இந்த ஞாயிறு மிஸ் முறையை மாற்றுகிறார். கேள்வி கேட்கப் போவது நான். 'ஒய் ஆர் யூ ஷௌட்டிங்?' என்று கேட்பதாக உத்தேசம் — மூன்று காலத்திலும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்!